அடையாளம் தெரியாத பத்துப் பதினைந்து பேர்

எல்லையம்மாளின் முதுகில் கோடு ஒன்று விழுந்திருந்ததை அவள் புருஷன் துரைராசு ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் பார்த்தான். வேலையிலிருந்து வந்தவள் கொல்லையில் அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்கு மேலே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் குறுக்காகக் கன்றிப் போயிருந்தது. கம்பால் அடித்தது போல இருந்தது. கயிறு போட்டு இறுக்கியது போலவும் இருந்தது. அவன் அவளை அடித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அப்படியானால் யார்?

"என்ன அது முதுகுல?"

"எது?"

"கோடு."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கிடங்குல அண்டா தூக்குனது."

"அண்டாவ முதுகுலயா தூக்குவாங்க?"

"தலையில வச்சா நெலவாசல் இடிக்குது."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பதினேழு வருஷமாக ஒரு கேள்விக்கு இவ்வளவு சடுதியில் அவள் பதில் சொன்னதில்லை.

அது மேட்டூர் அணை ஜூன் பன்னிரண்டாம் தேதி திறக்காத இரண்டாவது வருஷம். மேலமாத்தங்குடியில் குறுவை என்ற பேச்சே இல்லை. போர்செட் வைத்திருந்த மூன்று நான்கு பேர் கொல்லையைப் பச்சையாக வைத்திருந்தார்கள். மற்றவர்கள் வயலெல்லாம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் ஆட்டுப்புழுக்கை காய்ந்து காற்றில் உருண்டது. ஆம்பிளைகள் மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து கர்நாடகாவைத் திட்டினார்கள், பிறகு ஆளுங்கட்சியைத் திட்டினார்கள், பிறகு எதிர்க்கட்சியைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பெண்கள்தான் வேலை தேடி வெளியே போனார்கள். எல்லையம்மாள் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக் கிடங்கில் சுமை இறக்கி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் எட்டு மணி பஸ்ஸுக்குப் போனாள். சித்திரையிலிருந்து அஞ்சு பத்து பஸ்ஸுக்குப் போகிறாள்.

"லாரி விடியக்காலையில வருது" என்று சொல்லியிருந்தாள்.

துரைராசு இன்னும் சிலவற்றைக் கவனித்து வைத்திருந்தான். அவள் உள்ளங்கை ரேகைகளிலும் நகக்கண்ணிலும் வெள்ளையாக ஏதோ மாவு ஒட்டியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு மேல் தோல் உரிந்திருக்கிறது. முன்பெல்லாம் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் இப்போது தனக்கென்று முதலிலேயே ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொள்கிறாள். கருவாட்டுக் குழம்பில் ஒரு துண்டைத் தனக்கும் போட்டுக்கொள்கிறாள்.

உண்மையில் நடந்தது வேறு.

பங்குனி மாதத்தில், பாபநாசத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கக் கிடங்குக்கு வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், சாமான் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லையம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லையம்மாள் பெரிய பித்தளை அண்டாவுக்குள் சின்ன அண்டா, அதற்குள் இன்னொன்று என்று மூன்றையும் சேர்த்துக் கட்டித் தூக்கி வண்டியில் வைத்தாள்.

"அக்கா, உங்க ஒடம்பு எடை என்ன இருக்கும்?"

எல்லையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கிட்னி எடுக்கிற புரோக்கர்கள் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேச ஆரம்பிப்பார்கள் என்று பஸ்ஸில் கேள்விப்பட்டிருந்தாள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"நான் ஸ்கூல்ல பி.டி. டீச்சர். பேரு ஹபீபுன்னிசா. வெயிட் தூக்குற போட்டி இருக்குல்ல, பவர்லிப்டிங், அதுல கலந்துக்குறேன். நீங்களும் வர்றீங்களா?"

"நான் எதுக்கு?"

ஹபீபுன்னிசா சற்று யோசித்தாள். "உண்மையச் சொல்லிடறேன். ஆத்தங்கரைகிட்ட ஒரு ஜிம் இருக்கு. காலையில அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் பொம்பளைங்களுக்கு ஒதுக்கித் தர்றேங்குறாங்க. ஆனா நாலு பேராவது இருந்தாத்தான் தருவாங்களாம். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போற பொண்ணுங்க ரெண்டு பேரு, அப்புறம் நான். ஒரு ஆள் கொறையுது. மூணு மாசமா தேடுறேன்."

தனக்கு என்ன வேண்டும் என்பதை ஒருத்தி இப்படிப் பட்டென்று சொன்னது எல்லையம்மாளுக்குப் பிடித்தது. இருந்தாலும் உடனே போய்விடவில்லை. அந்தத் தெருவில் பூக்கட்டும் அம்மாளிடம் விசாரித்தாள். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஜன்னல் ஏதும் திறந்திருக்கிறதா என்று கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறமும் முதல் நாள் கதவுப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தாள்.

தகரக் கூரை போட்ட பழைய கட்டடம். உள்ளே இரும்பும் வியர்வையும் கலந்த வாடை. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதற்கு ஸ்குவாட் என்று பெயர். பலகையில் படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். கை வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, தரையில் கிடப்பதைப் பிடித்துக் காலெலும்பை உரசினாற்போலத் தூக்கி நிமிர்ந்து நிற்பது டெட்லிப்ட். கடைசியானது அவளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. நெல்லுக்கட்டுத் தூக்கிய உடம்பு. ஸ்குவாட்தான் பெரும் பாடாக இருந்தது.

"கீழ குனியாதீங்கக்கா. எதிர்ல சுவத்தப் பாருங்க."

"தல தானா குனியுது டீச்சர்."

"ஏன்?"

"என்ன ஏன்? பழக்கம்தான்."

ஒரு நாள் அறுபது கிலோவோடு உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. இரண்டு பெண்களும் பின்னாலிருந்து கம்பியைத் தாங்கி எடுத்தார்கள். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று எல்லையம்மாள் நினைத்தாள். ஹபீபுன்னிசா நோட்டை எடுத்து, 'அறுபது: இன்று இல்லை' என்று எழுதிவிட்டு, "போய்த் தண்ணி குடிங்க" என்றாள். அடுத்த புதன்கிழமை அதே அறுபதோடு அவள் எழுந்தாள்.

அன்றைக்கு முழுவதும் கிடங்கில் அவளுக்கு அதுவே நினைப்பாக இருந்தது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது நின்றதுதான். கருகிய பயிர் கருகியதுதான். ஒரு காரியம் ஆகாது என்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் இல்லை. போன வாரம் முடியாதது இந்த வாரம் முடிந்ததை அவள் யாரிடம் சொல்வது? மகள் ஜெயாவிடம்கூடச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை, வாய் நிற்காது.

துரைராசு அந்த வீட்டுக்கு வீட்டோடு வந்த மாப்பிள்ளை. ரோட்டோரத்து ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகை நிலம் எல்லையம்மாளின் அப்பா மருதையன் சாகுபடி செய்தது. குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. அவர் போனபின் மகள் பெயர் ஏறியது. இருபது வருஷத்துக்கு முன்பு இந்தப் பதிவுக்காக இதே ஊரில் மண்டை உடைந்திருக்கிறது. மருதையனின் இடது கை கடைசி வரை முழுசாக நீளாமல் போனதும் அதனால்தான்.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்களுக்கு இங்கே எல்லாம் சிங்காரவேலுதான். ஏஜெண்டு என்று ஊரில் சொல்வார்கள். ஆட்சி மாறினால் அவர் தோள்துண்டின் கரையும் மாறும், மற்றபடி ஆள் மாறவே மாட்டார். தண்ணீர் வராத இரண்டு வருஷத்தில் ரோட்டோர நிலமெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்ததும் அவர் துரைராசுவை டீக்கடைப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா துரைராசு, ஆயுசு பூரா பொண்டாட்டி பேர்ல உழுதுக்கிட்டே இருக்கப்போறியா?"

துரைராசு டீக் கிளாஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நகர் போடுறாங்க. வாசல்ல ஆபீஸ் வருது. காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேணும். அதுக்கு ஒன்னத்தான் சொல்லியிருக்கேன். அதோட ஒரு மனை. யாரு பேர்ல? ஒம் பேர்ல. பட்டா, சிட்டா எல்லாம் ஒம் பேர்ல."

"அவ ஒத்துக்க மாட்டாங்கண்ணே. அவங்கப்பா பாடுபட்டது."

"ஒத்துக்கணும்னு யாரு சொன்னா? கையெழுத்துப் போட்டாப் போதும்." டீயை உறிஞ்சிவிட்டு, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார். "அது சரி, உங்க வீட்டம்மாவ கும்மோணத்துல பார்த்தேம்ப்பா. ஆத்தங்கரைத் தெருவுல. கால்சட்ட மாதிரி ஏதோ போட்டுக்கிட்டு ஒரு கட்டடத்து வாசல்ல நின்னுச்சு. நமக்கு எதுக்கு, சொல்லணும்னு தோணுச்சு."

அந்த வாரமே துரைராசு நாலைந்து தாளைக் கொண்டுவந்தான். எல்லையம்மாள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"வறட்சி நிவாரணம் குடுக்குறாங்களாம். கையெழுத்துப் போடு."

"இத்தினி தாளா?"

"கவருமெண்டு காரியம்னா அப்பிடித்தான்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூன்று இடத்தில் போட்டாள். போடும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னவோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. தானும்தான் லாரி வருகிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இவரை என்னவென்று கேட்பது என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் துரைராசு அவள் பின்னாலேயே போனான். முதல் பஸ்ஸில் கீரைக்கட்டும் வாழைத்தாருமாகக் கூட்டம். அவள் முன்வாசலில் ஏறினாள், இவன் பின்வாசலில் ஏறிக் கூடைகளுக்கு நடுவே குந்திக்கொண்டான். ஆத்தங்கரைத் தெரு முனையில் அவள் திரும்பியபோது வெளுத்துவிட்டிருந்தது. தகரக் கொட்டகையின் கதவு உள்பக்கம் சாத்திக்கொண்டது. சந்துப் பக்கம் பலகை ஜன்னல் ஒன்றில் விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது.

உள்ளே ஆம்பிளை யாரும் இல்லை. நான்கு பெண்கள். சட்டையும் முழுக்கால் பேன்ட்டும் போட்டு ஒருத்தி நின்றாள். அவள் தன் பெண்டாட்டி என்று தெரிய அவனுக்கு ஒரு நிமிஷம் ஆனது. அவள் தோளில் இரும்புக் கம்பி. இரண்டு பக்கமும் வட்டு வட்டாக இரும்பு. கம்பி ஓரங்களில் லேசாக வளைந்திருந்தது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். இனி எழமாட்டாள், இங்கேயே செத்துப்போவாள் என்று நினைத்து வாய்விட்டுக் கத்தப் பார்த்தான். அவள் எழுந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, நேரே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுந்தாள். அவன் நின்ற இடுக்கு அந்தச் சுவரில்தான் இருந்தது. தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துச் சடாரென்று குனிந்துகொண்டான்.

கோபத்தோடு போனவன் பயத்தோடு திரும்பினான். இவளிடமா பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம் என்ற நினைப்பு பஸ் முழுக்க அவனோடு வந்தது.

பயத்தை மறைக்க வேண்டும் என்பதால் சாயங்காலம் சண்டையை அவனே ஆரம்பித்தான்.

"அண்டா தூக்குறேன்னு சொல்லிட்டு எங்கடி போற?"

எல்லையம்மாள் சோற்றுப் பானையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பின்னாலயே வந்தீங்களா?"

"வந்தேன். எவன் எவன் பார்க்குறதுக்கு பேன்ட்டு மாட்டிக்கிட்டு நிக்கிற?"

"எவனும் இல்ல. நீங்க ஒருத்தர்தான் பார்த்திருக்கீங்க."

"பொய் சொல்லிட்டுத்தானே போன?"

"ஆமா, பொய்தான். சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

ஜெயா புத்தகத்தை மூடிவிட்டு வந்து நின்றாள். "அம்மா, எவ்வளவும்மா தூக்குற?"

"உக்காந்து எந்திரிக்கிறது எம்பத்தஞ்சு. தரையிலேர்ந்து எடுக்குறது நூறு."

"அப்பா எடையே அம்பத்தெட்டுதான். ரேஷன் கடைத் தராசுல பார்த்தோம்ல?"

"நீ போயி படி" என்றான் துரைராசு. ஆனால் அதற்கப்புறம் சண்டை எழும்பவில்லை. அவள் அஞ்சு பத்து பஸ்ஸுக்குப் போவதும் நிற்கவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லாததால் பேன்ட்டைத் துவைத்துக் கொல்லைக் கொடியிலேயே உலர்த்தினாள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. இரண்டொரு தடவை அவள் வீட்டுக்கு வந்துபோன முக்காட்டுக்காரி எதற்கோ ஆள் பிடிக்கிறாள் என்றார்கள். ஹபீபுன்னிசாவின் ஊரிலோ, எவளோ குடியானத்தி வந்து டீச்சரைக் கெடுக்கிறாள் என்று பேச்சாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லி அவர்கள் இருவரும் ஜிம்மில் சிரித்தார்கள்.

ஆவணி கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. ஜெயா கூட வந்தாள். துரைராசு வரவில்லை. உடம்போடு ஒட்டிய அந்த உடுப்பைப் போட்டுக்கொள்ள எல்லையம்மாளுக்குக் கூசியது. உள்ளே கையுள்ள பனியன் போட்டு, மேடைக்குப் போகும் வரை ஹபீபுன்னிசாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருந்தாள். ஸ்குவாட் தொண்ணூறு சரியாக வந்தது. பெஞ்சில் நாற்பதைத் தள்ளினாள். இரண்டு பேர் சிவப்புக் கொடி காட்டினார்கள். மறுபடி தள்ளினாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவதும் போனால் போட்டியிலேயே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தது கேட்டது.

ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நடுவர், கோட்டு போட்ட பெரிய மனிதர். எல்லையம்மாள் அவர் எதிரே போய் நின்றாள்.

"ஏன் சார் செவப்பு காட்டுனீங்க?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தன் முப்பத்தாறு வயதில், உத்தியோகத் தோரணையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடம் அவள் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை.

"கம்பி நெஞ்சைத் தொட்டதும் நிக்கணும்மா. அசையாம நின்னப்புறம்தான் தள்ளணும். நீ அவசரப்படுற. பலம் இருக்கு ஒனக்கு."

மூன்றாவது தடவை நெஞ்சில் நிறுத்தினாள். மூன்று வெள்ளைக் கொடி. டெட்லிப்டில் நூற்றைந்து எடுத்தாள். அறுபது கிலோ பிரிவில் மூன்று பேரில் இரண்டாவது. வரும் வழியில் ஜெயா சர்டிபிகேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அம்மா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது என்றாள். "கேட்டு மாத்தி வாங்கியிருக்கலாமே, அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று எல்லையம்மாள் மகளைக் கடிந்துகொண்டாள்.

புரட்டாசியில் தலையாரி ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். குத்தகைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கோரிய மனு மீது பாபநாசம் தாலுக்கா ஆபீஸில் விசாரணை. எல்லையம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு ஜெயாவை உரக்கப் படிக்கச் சொன்னாள். 'மேற்படி சாகுபடிதாரர் தாமாகவே முன்வந்து, யாருடைய தூண்டுதலுமின்றி...' என்று ஜெயா படித்துக்கொண்டு போனாள். துரைராசு எழுந்து வெளியே போகப் பார்த்தான்.

"உக்காருங்க" என்றாள் எல்லையம்மாள்.

உட்கார்ந்தான்.

"வறட்சி நிவாரணம்னீங்க."

"ஒரு மனை தர்றேங்குறாங்க. வேல தர்றேங்குறாங்க. தண்ணியே வரல, அந்த நெலத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் ஜெயாவிடமிருந்து நோட்டீஸை வாங்கி மடித்தாள். அவனே தொடர்ந்தான். குரல் இறங்கிப்போயிருந்தது. "பதினேழு வருஷமா மருதையன் மருமவன்னுதான் இந்த ஊர்ல எனக்குப் பேரு. எம் பேர்ல ஒரு அடி மண்ணு இல்ல எல்லை. அந்த ஏஜெண்டு 'ஒம் பேர்ல மனை'ங்கும்போது... எனக்குப் புத்தி அப்பிடிப் போயிடுச்சு."

அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் எந்தத் தாளைப் பார்த்தாலும் எடுத்துப் பார்த்தாள். மளிகைக்கடைத் துண்டுச்சீட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பினாள்.

ஹபீபுன்னிசா நோட்டீஸைப் படித்துவிட்டு, "நான் கூட வரட்டுமாக்கா?" என்றாள்.

"வேணாம் டீச்சர். நீங்க வந்தா நீங்கதான் தூண்டிவிட்டீங்கன்னு எழுதிக்குவாங்க."

விசாரணை அன்று தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் மழைச் சாரல் அடித்தது. உள்ளே தாசில்தார், அவர் பக்கத்தில் கிளார்க், எதிர் நாற்காலியில் சிங்காரவேலு. எல்லையம்மாளும் துரைராசுவும் நின்றார்கள்.

"இது ஒன் கையெழுத்துதானேம்மா?"

"கையெழுத்து என்னோடதுங்க. தாள்ல இருக்கிற சங்கதி என்னோடது இல்லைங்க."

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு சொல்லாம வாங்கினதுங்க. நான் நெலத்த விடல. சாவுற வரைக்கும் விடமாட்டேன்."

"யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார் சிங்காரவேலு. "எந்தச் சங்கத்துக்காரன் வந்தான்?"

"யாரும் வரலைங்க."

தாசில்தார் துரைராசு பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இதுல என்ன இருக்குன்னு ஒன் சம்சாரத்துக்குச் சொன்னியா, இல்லியா?"

துரைராசு சிங்காரவேலுவைப் பார்த்தான், மேசைக் காலைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டும் திறக்கவில்லை.

தாசில்தார் சலித்துக்கொண்டு, கிளார்க்கிடம் வாக்குமூலம் எழுதச் சொன்னார். கிளார்க் எழுதி முடித்துத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சுக் காட்டுங்க."

"நம்ம ஆபீஸ்லயே சந்தேகமா?"

"படிச்சுக் காட்டுங்க சார். அப்புறம் போடுறேன்."

படித்தார். அவள் கேட்டுவிட்டுப் போட்டாள். பெயர் பதிவேட்டில் அப்படியே இருந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது துரைராசு மெதுவாகக் கேட்டான். "நெசமா யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

"நீங்களும் நம்பலியா?"

பஸ் வந்ததும் அவள் முன்வாசலில் ஏறினாள், அவன் பின்வாசலில் ஏறினான்.

ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாக ஓடியது. நாற்றங்காலுக்கு இடம் பார்க்கக் காலையில் போன எல்லையம்மாள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். ஒன்பது மாவிலும் கல் ஊன்றியிருந்தது. இடுப்புயரக் கருங்கல், தலையில் மஞ்சள் பெயிண்ட். எண்ணினாள். பதினான்கு. மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பதிவேட்டில் முடியாததைக் கல்லில் முடிக்கப் பார்க்கிறார்கள். யாரிடமாவது போய் முறையிட்டால், மனு கொடு என்பார்கள். மனு தஞ்சாவூர் போய் வருவதற்குள் வாங்குகிறவன் வேலியே போட்டுவிடுவான்.

வீட்டுக்கு வந்தாள். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, மேலே துரைராசின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டினாள். கடப்பாரையை எடுத்தாள். அடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் சாம்பலை அள்ளிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றான் துரைராசு.

"வயலுக்கு."

"ஆள் வச்சிருப்பாங்க எல்லை. வேணாம்."

அவள் போய்க்கொண்டிருந்தாள். அவனும் பின்னாலேயே போனான். ரோட்டோரப் பூவரசு மரம் வரைக்கும் போனான். அதற்கப்பால் அவனுக்குக் கால் போகவில்லை.

முதல் கல்லைச் சுற்றிக் கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்தினாள். உள்ளங்கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டாள். காலை அகட்டி, குந்தி, கல்லைக் கட்டிப் பிடித்து, மூச்சை அடக்கி எழுந்தாள். சேறு சப்பென்று விட்டது. கல்லை நெஞ்சோடு அணைத்து வரப்பில் நடந்து ரோட்டோரத்தில் கொண்டுவந்து போட்டாள். மரத்தடியில் நின்றவனைப் பார்த்தாள். அடுத்த கல்லுக்குத் திரும்பிப் போனாள்.

ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவசரப்படவில்லை. ஆறாவது கல் வரவே இல்லை. விட்டுவிட்டு ஏழாவதுக்குப் போனாள். எட்டாவதையும் எடுத்துவிட்டு ஆறாவதுக்குத் திரும்பி வந்தாள், அப்போது வந்தது. ரோட்டில் போன டவுன் பஸ் வேகம் குறைந்தது, ஜன்னலெல்லாம் முகம். டீக்கடை ஆட்கள் வந்து கொஞ்ச நேரம் நின்று, வம்பு எதற்கு என்று போய்விட்டார்கள். துரைராசு மட்டும் நின்றான். உதவிக்குப் போகலாமா என்று நினைத்தான். கையெழுத்து வாங்கிய கையோடு எப்படிப் போவது என்று நினைத்தான். போ என்றும் அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பதினாலாவது கல் விழுந்தபோது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. அவள் முன்கை முழுக்கத் தோல் உரிந்து சட்டைக்கை சிவந்திருந்தது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சிங்காரவேலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆதாரத்துக்கென்று ஒரு கல்லை வேனில் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார்கள். ஏட்டு புகாரைப் படித்தார்.

"...அடையாளம் தெரியாத பத்துப் பதினைந்து பேர் ஆயுதங்களுடன் அத்துமீறி நுழைந்து கற்களைப் பிடுங்கி எறிந்து சேதப்படுத்தி... யாரும்மா அந்த ஆளுங்க? பேரச் சொல்லிட்டா ஒனக்கு ஒண்ணும் வராது."

துரைராசு அவள் முழங்கையை லேசாகத் தொட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அடையாளம் தெரியாதவர்கள் மேல் கேஸ் போட்டு அவர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும்.

"அப்பிடி எழுதாதீங்கய்யா" என்றாள் எல்லையம்மாள். "பத்துப் பேரும் இல்ல, பதினஞ்சு பேரும் இல்ல. நான் ஒருத்திதான். எங் குத்தகை நெலத்துல யாரோ கல்லு போட்டிருந்தாங்க. நான் எடுத்து ரோட்டோரம் வச்சேன். பதிவு காயிதம் இந்தா இருக்கு."

ஏட்டு சிரித்தார். "அந்தக் கல்ல நாங்க ரெண்டு பேரு சேர்ந்து வண்டியில ஏத்தினோம்மா. பதினாலையும் நீ ஒருத்தி எடுத்தியா?"

"அம்பது கிலோ இருக்கும். சேத்தோட வர்றப்ப இன்னும் கூட. எடுத்தேன்."

"ஆள் வச்சுப் பண்ணிட்டுப் பேசுது சார்" என்றார் சிங்காரவேலு. "பின்னால பெரிய கூட்டம் இருக்கு. ஒரு டீச்சர் வேற வருது போவுது."

உள் மேசையில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நீ எடுத்ததப் பார்த்த சாட்சி யாராவது இருக்காங்களா?"

டீக்கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் போனவர்களை எங்கே தேடுவது? எல்லையம்மாள் வாசலில் கிடந்த கல்லைப் பார்த்தாள். துரைராசு பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

"நான் பார்த்தேங்கய்யா" என்றான் துரைராசு.

"நீ யாரு?"

"புருஷன்."

"அப்ப நீயும் சேர்ந்துதான் புடுங்கியிருக்க."

"இல்லைங்கய்யா. நான் ரோட்டோரம் மரத்தடியில நின்னேன்."

"பொண்டாட்டி கல்லு தூக்குறா, நீ மரத்தடியில நின்ன?"

பின்னால் ஒரு போலீஸ்காரர் கெக்கென்று சிரித்தார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். துரைராசின் காது சிவந்தது. இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடும், இனி அங்கே உட்கார முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. சிங்காரவேலு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கய்யா" என்றான். "எட்டு மணிலேர்ந்து பன்னண்டு மணி வரைக்கும் நின்னேன். கிட்டப் போகல. தூக்குறதுக்கு ஒரு கை குடுக்கல. பதினாலு கல்லும் அவ ஒருத்திதான். வேற யாரும் வரல. நான் கண்ணால பார்த்தேன்."

சப்-இன்ஸ்பெக்டர் பதிவுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிங்காரவேலுவைப் பார்த்தார். "குத்தகைதாரர் அவங்கதானே இன்னும்? கல்லு ஊன யாருங்க உத்தரவு குடுத்தது?" சிங்காரவேலு துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். சென்னைக்குப் போன் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார், திரும்பி வரவில்லை.

ஏட்டு புதுத் தாள் எடுத்து எழுதினார். எழுதும்போது நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து எல்லையம்மாளின் கைகளைப் பார்த்தார். கடைசி வரை அவருக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

"சாட்சி, இங்க கையெழுத்துப் போடு."

துரைராசு பேனாவை வாங்கினான். மேசை மேல் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி அழுத்திப் போட்டான்.

"என்ன போட்டீங்க?" என்றாள் எல்லையம்மாள்.

"எம் பேருதான்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள்.